குளிர்நாட்டுத் தோட்டத்தில் மூங்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் மூங்கில் வைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: செடிக்கடையில் கழியின் நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், மண்ணுக்கு அடியில் அந்தச் செடி என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பனி கொட்டும் ஊரில் மூங்கில் பிழைக்குமா?

நன்றாகவே பிழைக்கும். மூங்கில் என்றதும் நமக்கு முள் மூங்கிலும் ஆற்றங்கரைப் புதர்களும்தான் நினைவுக்கு வரும். அதனால் வெயில் நாட்டுச் செடி என்றே பழகிவிட்டோம். ஆனால் சீனாவின் சிச்சுவான், கன்சு, ஹுபெய் மலைகளில், வருஷத்தில் பல மாதங்கள் பனி கிடக்கும் உயரங்களில், காட்டு மரங்களின் நிழலில் அடர்ந்து வளரும் மூங்கில்கள் இருக்கின்றன. பாண்டாக்களுக்கு உணவே அவைதான். மைனஸ் 20 டிகிரி குளிரையும் இலை உதிராமல் தாங்கும் வகைகள் அவற்றில் உண்டு. லண்டன் குளிரெல்லாம் அவற்றுக்கு ஒன்றுமே இல்லை.

ஊருக்குப் போய் வரும்போது ஒரு மூங்கில் கிழங்கு கொண்டுவந்து வைக்கலாமா?

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். நம்மூர் முள் மூங்கிலோ கல் மூங்கிலோ உறைபனிக்குப் பழகியவை அல்ல. முதல் கடுங்குளிரிலேயே மண்ணுக்கு மேலே உள்ளதெல்லாம் கருகி, அடிக்கிழங்கும் அழுகிப்போகும். அதோடு, நடுவதற்கான செடியை வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டிக்குள் சுருட்டி எடுத்துவருவது சட்டப்படி தவறு, புதுப் பூச்சிகளும் அதோடு வந்து சேரும்.

ஓடும் மூங்கில், கொத்து மூங்கில் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லா மூங்கிலுக்கும் மண்ணுக்கு அடியில் கணுக் கணுவாக ஒரு தண்டு உண்டு. கொத்து மூங்கிலில் இந்த நிலத்தடித் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் அதன் நுனியே மேலே திரும்பிப் புதுக் கழியாகிவிடும். தாய் வாழைக்குப் பக்கத்திலேயே கன்று விடுவது போல, புதர் தன் இடத்திலிருந்தே வருஷத்துக்குச் சில அங்குலம் அகலும். தானாக எங்கும் தாண்டிப் போகாது.

ஓடும் மூங்கிலில் கதை வேறு. நிலத்தடித் தண்டு நீளமாக, விரல் தடிமனில், மண்ணின் மேல் ஓரடி ஆழத்துக்குள் கிடைமட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உண்டு. எந்த மொட்டிலிருந்து வேண்டுமானாலும் கழி கிளம்பலாம். நல்ல மண்ணில், வேரூன்றிய புதரிலிருந்து ஒரே கோடையில் பல அடி தூரம் ஓடிவிடும். வேலிக்கு அடியில் நுழைந்து, நடைபாதைக் கல்லின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். நட்ட முதல் இரண்டு மூன்று வருஷம் சாதுவாக நிற்பதுதான் இதில் ஆபத்து. "நம்ம செடி அப்படியெல்லாம் ஓடாது" என்று நம்பிக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

கடைச் சீட்டில் ஃபார்ஜீசியா என்று இருந்தால் அது கொத்து வகை. ஃபில்லோஸ்டாக்கிஸ், ப்ளியோப்ளாஸ்டஸ், சாசா, சூடோசாசா என்று இருந்தால் ஓடும் வகை. வெறும் "மூங்கில்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். சீட்டே இல்லாத ஃபில்லோஸ்டாக்கிஸை இனம் காண ஒரு வழி உண்டு. கிளை பிரியும் கணுவுக்கு மேலே கழியைத் தடவிப் பாருங்கள். முழு உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் வாய்க்கால் போலப் பள்ளம் ஓடும்.

அப்படியானால் எந்த வகையை வாங்குவது?

சின்னத் தோட்டம், பக்கத்தில் அயலார் வேலி என்றால், யோசிக்காமல் ஃபார்ஜீசியா.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ரூஃபா. இரண்டு, இரண்டரை மீட்டருக்கு மேல் போகாது. வசந்தத்தில் மற்ற மூங்கில்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே செங்காவி நிற உறையோடு குருத்து விடும். காற்றுக்கும் ஈடுகொடுக்கும். உயரமான மறைப்பு வேண்டுமென்றால் ரொபஸ்டா. நான்கு மீட்டர் போகும், கழி விறைப்பாக நிற்கும், வெயிலும் ஓரளவு தாங்கும். புதுக் கழிகளில் பச்சையும் வெள்ளை உறையும் மாறி மாறி வருவது பார்க்கவே அழகு. குளிரில் மட்டும் இது ரூஃபாவை விடச் சற்று மெலிந்தது. கடுங்குளிர் ஊர்க்காரர்களுக்கு நிட்டிடாவும் முரியேலேயும். டொராண்டோ போல மைனஸ் 20-ஐத் தொடும் ஊர்களில், காற்றுப் படாத மூலையில் வைத்து, தடிமனாக மூடாக்கும் போட்டால் இவை நம்பத் தகுந்தவை. ஆனால் இவை இரண்டுக்கும் உச்சி வெயில் ஆகாது.

கறுப்பு மூங்கிலைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஃபில்லோஸ்டாக்கிஸ் நைக்ரா என்ற இது 1827-லேயே பிரிட்டனுக்கு வந்துவிட்டது. புதுக் கழி பச்சையாகத்தான் வரும். இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்து, கடைசியில் மைநிறம் ஆகும். நிழலில் வைத்தால் அந்த நிறம் முழுதாக வராது. குளிர்ந்த கோடையில் மெதுவாக நடக்கும் என்றாலும் இதுவும் ஓடும் இனம்தான். தடுப்பு போடும் உறுதி இருந்தால் வாங்குங்கள். மஞ்சள் கழி கேட்பவர்களுக்கு ஃபில்லோஸ்டாக்கிஸிலேயே ஆரியோசல்காட்டாவின் மஞ்சள் கழி ரகங்கள் இருக்கின்றன; சாதாரண ஆரியோசல்காட்டாவில் கழி பச்சை, பள்ளம் மட்டும்தான் மஞ்சள். குளிரில் மிகவும் திடமானது. அடிக்கணுக்களில் சில கழிகள் வளைந்து வளைந்து ஏறும், பார்த்ததும் அடையாளம் தெரியும். ஓடுவதிலும் இது கெட்டிக்காரன், எச்சரிக்கை.

சீட்டில் "மைனஸ் 20 டிகிரி வரை" என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

அது நன்கு வேரூன்றிய செடிக்கான கணக்கு. போன மாதம் நட்ட செடிக்கு அது பொருந்தாது. அதுபோக, குளிர் செடியை மூன்று கட்டமாகத் தாக்கும். முதலில் இலை கருகும். அதைவிடக் குளிர்ந்தால் கழி சாகும். அதற்கும் கீழே போனால்தான் நிலத்தடித் தண்டு சாகும். இலை கருகிய செடியைப் பார்த்துவிட்டுச் செத்துப்போனது என்று பிடுங்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஜூன் வரை பொறுங்கள். கழியை நகத்தால் கீறிப் பார்த்துப் பச்சை தெரிந்தால் கிளைக் கணுக்களில் புது இலை வரும். கழியே பழுப்பாகிக் காய்ந்திருந்தாலும் அடியிலிருந்து குருத்து கிளம்பலாம்.

இன்னொன்று, இலையை அதிகம் கொல்வது குளிரைவிட வறட்சிதான். மூங்கில் குளிர்காலத்திலும் இலையோடு நிற்கும் செடி. மண் உறைந்திருக்கும்போது காற்றும் வெயிலும் இலையிலிருந்து நீரை உறிஞ்சும், வேரால் ஈடுகட்ட முடியாது. அதனால் கிழக்குக் காற்று நேராக வீசும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மண் உறைவதற்கு முன்னால் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள்.

இணையத்தில் கறுப்பு மூங்கில் விதை மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். பெரும்பாலான மூங்கில்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூக்காத செடியின் விதை வருஷம் முழுவதும் எப்படிக் கிடைக்கும்? நீல மூங்கில், சிவப்பு மூங்கில் என்று வண்ணப் படத்தோடு விற்பதெல்லாம் சுத்தப் பொய். நர்சரியில் புதரைப் பிரித்து வளர்த்த செடியையே வாங்குங்கள்.

எப்போது, எப்படி நடுவது?

ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. கோடை முழுவதும் வேர்விடக் கிடைக்கும். இதமான தென் இங்கிலாந்தில் செப்டம்பரிலும் நடலாம். கடுங்குளிர் ஊர்களில் இலையுதிர் காலத்தில் நடவே நடாதீர்கள்.

தொட்டியை விட இரண்டு மடங்கு அகலமாகக் குழி வெட்டுங்கள், ஆழம் தொட்டி அளவே போதும். நடுவதற்கு முன் செடியைத் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி வையுங்கள். காய்ந்த வேர்மண்ணை அப்படியே நட்டுவிட்டால், பிறகு மேலே எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இறங்காது. வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு கீறல் போடுங்கள். களிமண்ணாக இருந்தால் மக்கு உரம் கலந்து சற்று மேடாக நடுங்கள். மூங்கிலுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கிய தண்ணீரில் நிலத்தடித் தண்டு அழுகிவிடும். வேலியாக வளர்க்க ஃபார்ஜீசியாவை ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வைக்கலாம்.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உரம் என்றால் தழைச்சத்து. புல்தரைக்குப் போடும் உரமே போதும், களைக்கொல்லி கலக்காததாகப் பார்த்து வசந்தத்தில் ஒரு முறை, ஜூலை வாக்கில் ஒரு முறை. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எடுக்காதீர்கள். அதிலுள்ள சிலிக்கா திரும்ப மண்ணுக்குப் போக வேண்டும், மூடாக்காகவும் இருக்கும்.

ஓடும் மூங்கிலுக்குத் தடுப்பு எப்படிப் போடுவது?

இதற்கென்றே விற்கும் கெட்டியான எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் தாளை வாங்குங்கள். தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. களை வராமலிருக்க விரிக்கும் துணியும் குளத்துக்குப் போடும் மெல்லிய ஷீட்டும் பயன்படாது, நுனி துளைத்துவிடும். மூங்கில் நிற்கும் இடத்தைச் சுற்றி 60 செ.மீ.க்குக் குறையாமல் பள்ளம் தோண்டி, தாளை நிறுத்துங்கள். நேர்செங்குத்தாக வேண்டாம். மேல் விளிம்பு செடியை விட்டு வெளியே சாய்ந்தபடி இருக்கட்டும். தண்டு வந்து முட்டும்போது கீழே போகாமல் மேலே திரும்பும், நம் கண்ணில் படும். தாளின் இரண்டு முனைகளும் சேரும் இடம்தான் எல்லோருக்கும் தவறிப்போவது. ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, உலோகப் பட்டையால் இறுக்கி முடுக்குங்கள். மேல் விளிம்பு தரைக்கு மேல் 5 செ.மீ.யாவது தெரிய வேண்டும். அதை மரப்பட்டை, மூடாக்கு என்று எதையாவது போட்டு மறைத்தால் தண்டு அதன் மேலேயே ஏறித் தாண்டிவிடும்.

தடுப்பு போட்டுவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. வருஷா வருஷம் செப்டம்பரில் விளிம்பைச் சுற்றி நடந்து பார்த்து, தாண்டும் தண்டுகளை வெட்டுங்கள். இடம் இருக்கிறவர்கள் தாளே இல்லாமல், புதரைச் சுற்றி ஓரடி ஆழ, ஓரடி அகலக் கால்வாய் வெட்டி, அதில் தளர்ந்த மண்ணோ மணலோ போட்டு வைக்கலாம். இலையுதிர் காலத்தில் கூரான மண்வெட்டியை அதில் இறக்கிக்கொண்டே வந்தால் ஓடிவந்த தண்டுகள் சிக்கும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

நட்டு இரண்டு வருஷம் ஆகிறது, உயரவே காணோமே?

மூங்கில் மரம் போல வளராது. ஒரு கழி மண்ணிலிருந்து கிளம்பும்போது என்ன பருமனோ அதுதான் அதன் கடைசிப் பருமன். இரண்டு மூன்று மாதத்துக்குள் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்கப்புறம் அந்தக் கழி ஒரு அங்குலம்கூட ஏறாது. உயரம் கூடுவதெல்லாம் அடுத்த வருஷம் வரும் புதுக் கழிகளில்தான். கீழே சேமிப்பு பெருகப் பெருக, ஒவ்வொரு வசந்தத்திலும் போன வருஷத்தை விடத் தடிப்பாக, உயரமாகக் கழி வரும். மூன்றாம் நான்காம் வருஷம் திடீரென்று வேகம் பிடிக்கும். பொறுமையாக இருங்கள்.

வசந்தத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிறதே, நோயா?

ஏப்ரல், மே என்றால் பயப்பட வேண்டாம். பழைய இலையை உதிர்த்துப் புது இலை விடும் காலம் அது. மதிய வெயிலில் ஃபார்ஜீசியாவின் இலை நீளவாக்கில் குழலாகச் சுருண்டுகொள்வதும், உறைபனி நாளில் அப்படியே செய்வதும் நீரை மிச்சப்படுத்தத்தான். மாலையில் விரிந்துவிட்டால் சரி. விரியாவிட்டால் தண்ணீர் ஊற்றுங்கள்.

இலையின் மேல்பக்கத்தில் வெளிர்நிறச் சின்னச் சின்னத் திட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் அது வேறு. இலையைத் திருப்பி உருப்பெருக்கியால் பாருங்கள். மெல்லிய வலைக்கூடாரத்துக்குள் மூங்கில் சிலந்திப்பேன் கூட்டமாக இருக்கும். பாதித்த கழிகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். வாங்கும்போதே கடையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் இந்தத் தலைவலி வீட்டுக்கு வராது.

பனி பாரத்தில் கழிகள் தரையில் படுத்துவிட்டன. உடைந்துவிடுமா?

பெரும்பாலும் உடையாது. பொடிப்பனியாக இருந்தால் விளக்குமாற்றால் கீழிருந்து மெல்லத் தட்டிவிடுங்கள். ஐஸாக உறைந்து ஒட்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள், அப்போதுதான் கழி முறியும். தானாக உருகி நிமிரட்டும்.

தொட்டியில் வளர்க்கலாமா?

ரூஃபா போன்ற சின்ன வகையைத் தாராளமாக வளர்க்கலாம். தொட்டி மண் நான்கு பக்கமும் உறைவதால் குளிர் தாங்கும் அளவு வெகுவாகக் குறையும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் தொட்டியைக் குமிழித்தாளால் சுற்றிச் சுவரோரம் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பிரித்து நட வேண்டும். கழுத்து குறுகி வயிறு பெருத்த தொட்டி வேண்டாம், பிறகு தொட்டியை உடைத்துத்தான் செடியை எடுக்க முடியும்.

கத்தரித்துக் குட்டையாக வைக்கலாமா?

நுனியை வெட்டினால் அந்தக் கழி மறுபடி உயராது, கிளை மட்டும் அடரும். வேலிக்கு அது வசதிதான். அழகுக்கு வளர்க்கிறவர்கள் வசந்தத்தின் தொடக்கத்தில் மங்கிப்போன, மெலிந்த பழைய கழிகளைத் தரையோடு அறுத்து எடுங்கள். உள்ளே வெளிச்சம் போகும்.

மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பார்களே?

அந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. மிசோரத்தில் ஒரு வகை மூங்கில் 48 வருஷத்துக்கு ஒருமுறை காடு முழுவதும் சேர்ந்து பூக்கும். உதிரும் காய்களைத் தின்று எலிகள் பெருகும், காய் தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கும். 1959-இல் அப்படித்தான் அங்கே பெரும் பஞ்சம் வந்தது. அடுத்த பூப்பு 2006, 2007 வாக்கில் வந்தது. வயநாட்டிலும் நீலகிரியிலும் முள் மூங்கில் பூத்தால் மூங்கிலரிசி கிடைக்கும், சமைத்துச் சாப்பிடுவார்கள்.

தோட்டத்தில் பூத்தால் பஞ்சம் வராது, ஆனால் செடி போய்விடலாம். முரியேலேயின் வரலாறு இதைத் தெளிவாகச் சொல்லும். 1907-இல் ஹுபெய் மலையில் எர்னஸ்ட் வில்சன் என்ற ஆங்கிலேயத் தாவர சேகரிப்பாளர் சேகரித்து பாஸ்டனின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்துக்கு அனுப்பிய மூங்கில் இது. பெயரும் அவர் மகள் முரியலின் பெயரே. 1913-இல் அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தது. மேற்கு நாடுகளில் பரவியதெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்து நட்டதுதான். அதனால் எந்த நாட்டில், யார் வீட்டில் இருந்தாலும் வயது ஒன்றே. 1970-களில் தொடங்கி 1990-கள் வரை எல்லாம் வரிசையாகப் பூத்து, ஏறக்குறைய எல்லாமே செத்தன. இன்று கடையில் இருப்பவை அந்தப் பூவின் விதையில் வந்த புதுத் தலைமுறை. நமக்கு அது ஒருவகையில் நல்லது, அடுத்த பூப்புக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. நிட்டிடா வாங்கும்போதும் "பூத்து முடிந்த பிறகு விதையில் வந்த தலைமுறையா?" என்று கேட்டு வாங்குங்கள்.

குருத்தைச் சமைக்கலாமா?

ஃபில்லோஸ்டாக்கிஸ் குருத்துகளைச் சமைக்கலாம். பச்சையாகத் தின்னக் கூடாது, சயனைடு தரும் பொருள் உண்டு. உறையை உரித்து, நறுக்கி, மூடி போடாமல் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் பொரியலோ குழம்போ உங்கள் விருப்பம். தடுப்புக்கு வெளியே வரும் குருத்துகளை ஒழிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பக்கத்து வீட்டு மூங்கில் என் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் போய்ப் பேசுங்கள். பலருக்குத் தங்கள் செடி வேலி தாண்டியதே தெரியாது. இங்கிலாந்தில் மூங்கில் வளர்ப்பதற்குத் தடை இல்லை. உயர்ந்த செடிவேலிகளைக் கட்டுப்படுத்தும் 2003-ஆம் வருஷச் சட்டமும் மூங்கிலைத் தொடாது; அது மரங்களுக்கும் குறுமரங்களுக்கும்தான், மூங்கிலோ புல் வகை. ஆனால் அடுத்தவர் நிலத்துக்குள் ஓடிச் சேதம் செய்தால் இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2013-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. ஓடும் மூங்கிலை அயலார் எல்லையிலிருந்து 40 அடிக்குள் தடுப்பில்லாமல் நடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் ஃபில்லோஸ்டாக்கிஸ் வகைகளான ஆரியா, ஆரியோசல்காட்டா இரண்டும் விற்கத் தடை செய்யப்பட்டவை.

உங்கள் பக்கம் வந்த தண்டுகளை எல்லையோடு வெட்டி எடுக்கலாம். களைக்கொல்லி மட்டும் அடிக்காதீர்கள். தண்டு தாய்ப் புதரோடு இணைந்திருந்தால் மருந்து அவர்கள் செடி வரை போகும், தகராறு உங்கள் தலையில் விழும். முதலில் எல்லையில் மண்வெட்டியால் இணைப்பைத் துண்டித்து, தடுப்புத் தாளை இறக்குங்கள். அப்புறம் உங்கள் பக்கத்துத் துண்டுகளை கடப்பாரையால் நெம்பி, கணு மிச்சம் விடாமல் தூக்குங்கள். எடுத்ததைக் கம்போஸ்ட் குவியலில் போட வேண்டாம். தோண்ட முடியாத இடத்தில், குருத்து ஓரடி வந்ததும் ஒடிப்பது, மறுபடி வந்தால் மறுபடி ஒடிப்பது என்று தொடருங்கள். இலை விரிய விடாவிட்டால் கீழே சேமிப்பு தீரும். இடம் தோதாக இருந்தால் அங்கே புல் விதைத்து, ஏப்ரல் முதல் ஜூலை வரை வாரம் ஒருமுறை புல்வெட்டும் மெஷின் ஓட்டுங்கள். மூன்று நான்கு வசந்தங்களில் குருத்து வருவது நின்றுவிடும்.